விருந்தாளிக்கு ஒரு நாற்காலி

பாம்பன்
21 மே 2025

அன்புள்ள விருந்தாளி பிரெசில்லாவுக்கு,

உன் நாத்தனார் லூர்து மேரி எழுதுவது. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. இது உனக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம். முதல் கடிதம் அந்தோணியாருக்குப் போய்விட்டது.

கடிதம் போட்டு எத்தனையோ வருடமாகிறதா, தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்றே மறந்துவிட்டது. அந்தோணியார் கோயில் வாசலில் இருந்ததாக ஞாபகம். போனேன். சிவப்புப் பெயின்ட் அடித்து, நடுவில் வாய் வைத்து, புத்தம்புதிதாக ஒரு பெட்டி இருந்தது. போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தேன். அது விண்ணப்பப் பெட்டியாம். நேற்றுச் செவ்வாய்க்கிழமை நவநாளில் உபதேசியார் மைக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக வாசிக்கிறார். ஒருவருக்கு மூட்டு வலி குணமாக வேண்டும், ஒருவர் மகனுக்கு விசா கிடைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சனம் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்கிறது. நானும் பக்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த தாளைப் பிரித்தார். 'அன்புள்ள விருந்தாளி பிரெசில்லாவுக்கு, நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து உன் புருஷன் கஞ்சியைக்கூட முறைத்துக்கொண்டுதான் குடிக்கிறான்' என்று வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சனம் விடுமா? 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.' பழக்கதோஷத்தில் என் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது.

இதெல்லாம் யாரால்? அந்த அம்ரீன் மேடத்தால். மேடம் என்று கூப்பிடுகிறோமே தவிர சின்னப் பிள்ளை. குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் படிப்பு படித்திருக்கிறதாம். "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசுனா ஒருத்தர் முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தர் ஆரம்பிச்சிருறீங்க. கடிதத்துல குறுக்கால பேச முடியாதுல்ல" என்றது. கோபித்துக்கொண்டு போனது பெண்டாட்டி, போகவிட்டது புருஷன், கடிதம் எழுத வேண்டியது நாத்தனாரா என்று கேட்டேன். "மொதல்ல நீங்கதான்க்கா" என்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

மேடம் வரைந்த நம் குடும்பப் படத்தைப் பார்த்தாய் அல்லவா? ஆம்பளைக்குச் சதுரம், பொம்பளைக்கு வட்டமாம். உன்னையும் என் தம்பி ஆன்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடுவில் ஒரு கோடுகூட இல்லை. அவனிடமிருந்து ஒரு கோடு எனக்கு வருகிறது, என்னிடமிருந்து ஒரு கோடு உனக்குப் போகிறது. அதுவும் மீன் முள் மாதிரி நெளிந்து போகிறது. "இது என்னத்தா, பாம்பா?" என்றேன். "உரசல்" என்றது. சரி போகட்டும் என்று பார்த்தால் எனக்கும் என் வீட்டுக்காரர் சவேரியாருக்கும் புள்ளிக் கோடு! மனுசன் கொல்லத்தில் படகுத் தொழிலில் இருக்கிறார், வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறார், போனில் 'சாப்ட்டியா' என்கிறார். அதற்கு முழுக்கோடு போட்டால் அந்தப் பிள்ளையின் பேனாவில் மை தீர்ந்துவிடுமா?

செலின் குட்டிக்குச் சளி விட்டதா? உன் அம்மாவின் சுகர் எப்படி? இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் ஆண்டவர் கிருபையில் இருக்கின்றன. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆன்டோ வீட்டிலேயே கிடந்து என் உயிரை வாங்குகிறான். பதில் எழுது. போடுமுன் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போடு.

கிண்டலடிக்க ஆளில்லாமல் வாய் துருப்பிடித்திருக்கும்
லூர்து மேரி


திருப்பாலைக்குடி
30 மே 2025

மதிப்புக்குரிய மதினிக்கு,

கடிதம் கிடைத்தது. செலினுக்குச் சளி குறைந்துவிட்டது. அம்மா நலம்.

மைக்கில் என் பெயர் வந்தது எனக்கு முன்பே தெரியும். பாம்பனில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் பெரியம்மா மகள் மறுநாளே போன் செய்து சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ராமநாதபுரத்து இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை சேர்கிறேன். அன்றைக்கு உங்கள் தம்பி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாரே, அதே வேலைதான். இது உங்களுக்கு மட்டும் எழுதியது. அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். தேவைப்பட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

முழங்காலுக்கு எண்ணெய் தேயுங்கள்.

பிரெசில்லா


பாம்பன்
19 ஜூன் 2025

அன்புள்ள விருந்தாளி பிரெசில்லாவுக்கு,

நேற்று ராமநாதபுரத்தில் மேடம் அறையில் நேருக்கு நேர் பார்த்தும் 'நல்லாருக்கீங்களா மதினி' என்று நீ கேட்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நல்லா இல்லை. கோபமாக இருக்கிறேன்.

நீ சொல்ல வேண்டாம் என்று எழுதினாய், ஒப்புக்கொள்கிறேன். நான் என்ன ஊர் முழுக்கவா சொன்னேன்? ஒரே ஒருத்தனிடம் சொன்னேன். அவனும் உன் புருஷன். "ஏலே, அவ வேலையில சேந்துட்டாளாம்ல" என்றேன். வலையைப் பார்த்துக்கொண்டே "சரின்னு சொல்லிரு" என்றான். அதைத்தான் நேற்று உன்னிடம் சொன்னேன். நல்ல சேதிதானே? வேண்டாம் என்றவன் சரி என்கிறான். அதற்கு ஏன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாய்?

அதற்குப் பிறகுதான் அந்தச் சிலை விளையாட்டு. "பிரெசில்லா, உங்க வீடு உங்களுக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடி இவங்களச் சிலை மாதிரி நிறுத்துங்க. யாரும் பேசக் கூடாது" என்றது அந்தப் பிள்ளை. பேசக் கூடாது என்றபோதே நான் எழுந்து போயிருக்க வேண்டும். நீ என்னடாவென்றால் என்னை அறைக்கு நடுவில் கொண்டுவந்து, இரண்டு கையையும் விரிக்கவைத்து, கடற்கரையில் காய்கிற திருக்கை மீன் மாதிரி நிறுத்தினாய். ஆன்டோவை என் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, சுவரைப் பார்க்கவைத்து, கையில் என் முந்தானையைக் கொடுத்தாய். விசைப்படகு ஓட்டுகிறவன்! கடலில் நாலு பேரை அதட்டுகிறவன்! அவன் அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறான். அந்தக் கூறுகெட்டவனும் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றானே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் நீ போய் வாசலில் கிடந்த செருப்பை மாட்டினாய். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. இடுப்பில் செலின். செருப்பு எதற்கு? யார் உன்னைச் செருப்பு மாட்டச் சொன்னது?

மேடம் என்னைப் பார்த்து, "மேரியக்கா, அந்த எடத்துல நிக்கிறப்ப எப்பிடி இருக்கு?" என்றது. "கை வலிக்குது" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். அதற்கு ஏன் மேடம் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். விளங்கவில்லை.

கடைசியில் தண்டனை எனக்கு. இனிமேல் இவன் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவனிடமும் நான் சொல்லவே கூடாதாம். 'சொல்லிரு' என்று யார் சொன்னாலும் 'நீயே சொல்லு' என்று சொல்ல வேண்டுமாம். நானா கேட்டு வாங்கினேன் இந்த உத்தியோகத்தை? நீ வீட்டைவிட்டுப் போன அன்றைக்கும் அவன் பக்கத்து அறையில்தானே படுத்திருந்தான். பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து "போறேன்னு சொல்லிருங்க மதினி" என்று சொன்னது யார்?

பதில் வேண்டும். அம்மாவுக்கும் செலினுக்கும் என் அன்பு. உனக்குக் கொஞ்சம் குறைவாக.

லூர்து மேரி


திருப்பாலைக்குடி
2 ஜூலை 2025

மதினிக்கு,

எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்துத்தான் எழுதுகிறேன்.

செருப்பு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை எடுத்து முதல் வரியைப் படித்துப் பாருங்கள். 'அன்புள்ள விருந்தாளி.'

கல்யாணமான மறுநாள் காலை அடுப்பங்கரைக்கு வந்தேன். "விருந்தாளி எந்திரிச்சாச்சா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். புதுப்பெண்ணுக்கு நல்ல வேடிக்கைதான். நான்கு வருடமாக அதே வேடிக்கை. குளித்துவிட்டு வந்தால் விருந்தாளி. குழம்பு வைத்தால் 'இன்னைக்கு விருந்தாளி சமையல், உப்பைப் பாத்துப் போட்டுக்கங்க.' உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கும் என்பதுகூட உங்களைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். நான் எங்கே மாற்றி வைத்தாலும் சாயங்காலத்துக்குள் அது பழைய இடத்துக்குப் போய்விடும். செலினைப் பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு, வாசலில் வைத்து, "விருந்தாளி இன்னொரு விருந்தாளியக் கூட்டிட்டு வந்துருக்கா" என்றீர்கள். அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்தீர்கள்.

இந்த வேலை முதல் தடவை கிடைத்தபோதே அவரிடம் நானே சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் சொன்னது என் தப்பு. உங்கள் வழியாகப் போனால்தான் எதுவும் அவரிடம் போய்ச் சேரும் என்று பழகிவிட்டேன். நீங்கள் மீன் ஏலக் கொட்டகையில் வைத்து, "எங்க வீட்டு விருந்தாளி ரத்தம் உறிஞ்சப் போறாளாம்" என்று சொன்னீர்கள். என் புருஷன் அதை வேற்று ஆட்கள் சிரிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அதையும் நீங்கள்தான் கொண்டுவந்து கொடுத்தீர்கள். கோயில் மைக் வேண்டுமென்றால் தவறுதலாக இருக்கலாம். ஏலக் கொட்டகை தவறுதல் இல்லை.

விருந்தாளி என்றைக்காவது ஒரு நாள் போகத்தானே வேண்டும்? போய்விட்டேன்.

பிரெசில்லா


பாம்பன்
8 ஜூலை 2025

பிரெசில்லாவுக்கு,

நான் பிறந்ததிலிருந்து கிண்டல் பேசுகிறவள். சாமியாரையே பேசியிருக்கிறேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கவில்லை. நான்கு வருடம் கூடச் சிரித்துவிட்டு, இப்போது கணக்காக எழுதி அனுப்பியிருக்கிறாய். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டாமா? அம்மா செத்த பிறகு அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். அந்த வீட்டு உப்பு டப்பாவை நான் தொடக் கூடாதா?

அம்ரீன் மேடத்திடம் சொல்லிவிட்டேன், இனிமேல் நான் யாருக்கும் எழுதப்போவதில்லை.

செலினை மழையில் விடாதே.

லூர்து மேரி


பாம்பன்
26 ஜூலை 2025

பிரெசில்லாவுக்கு,

எழுதப்போவதில்லை என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது, ஆள்தான் மாறியிருக்கிறது.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரர் சவேரியாருக்குப் போனில் முழுக்கப் படித்துக் காட்டினேன். எனக்காகச் சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். மனுசன் கெக்கேபிக்கே என்று சிரித்தார். எனக்குச் சுர்ரென்றது. "என்ன சிரிப்பு?" என்றேன். "நானும் ஒனக்கு விருந்தாளிதானடி மேரி. வருசத்துக்கு ரெண்டு தடவ வாரேன். பைய எறக்கி வைக்கும்போதே 'விருந்தாளி எப்பப் போறாக'ன்னு கேக்குற. சிரிச்சுக்கிருவேன். வேற என்ன செய்யச் சொல்ற?" என்றார். பிறகு 'சாப்ட்டியா' என்று கேட்டு வைத்துவிட்டார்.

நான் எப்போது அப்படிக் கேட்டேன் என்று யோசித்தேன். ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன். இதை அவர் என்னிடம் சொல்ல இத்தனை வருடமா? ஆம்பளைக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா? ஒருத்தர் கொல்லத்திலிருந்து சிரிக்கிறார், இன்னொருத்தன் அடுத்த அறையிலிருந்து 'சொல்லிரு' என்கிறான். நடுவில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறவளுக்குத்தான் கெட்ட பெயர்.

அடுத்தது உன் புருஷன். மேடம் அவனுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. போன வாரம் கருவாட்டைக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன். உங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய நீல பிளாஸ்டிக் நாற்காலி, கால் விரிசல் விட்டதை ஆன்டோ நைலான் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறானே, அது நடுவீட்டில் தனியாகக் கிடக்கிறது. அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "யாருலே செத்தா?" என்று கத்தினேன். "யாரும் சாகல. பிரெசில்லா இதுல உக்காந்துருக்கிறதா நெனச்சுப் பேசணுமாம்" என்கிறான்.

நம் வீடுகளில் காலி நாற்காலியை எப்போது போடுவோம்? போட்டோவும் மாலையும் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றத்தான் போடுவோம். உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு நாற்காலி போட்டால் நான் பார்த்துக்கொண்டிருப்பேனா? நாற்காலியைத் தூக்கிக் கொல்லையில் எறிந்துவிட்டு, மேடத்துக்குப் போன் போட்டுக் கிழித்துவிட்டேன். "ஏத்தா, ஒங்க படிப்புல என்ன போட்டுருக்கோ எனக்குத் தெரியாது. எங்க வீட்ல நாற்காலி போட்டா அடுத்தது பெட்டிதான்!" அந்தப் பிள்ளை பயந்துபோய், "அல்லா, எனக்குத் தோணவே இல்லக்கா. மன்னிச்சுக்கங்க" என்றது. பிறகு, "செத்தவங்களுக்குப் போடுறதுன்னு நெனைக்காம, வரப்போறவங்களுக்குப் போட்டு வைக்கிறதுன்னு நெனச்சுக்கிட்டா சரியா வருமாக்கா?" என்றது.

யோசித்து, நாற்காலியைக் கழுவி உள்ளே கொண்டுவந்து போட்டேன்.

அம்மாவின் சுகர் மாத்திரை நேரத்துக்கு நடக்கிறதா? நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

லூர்து மேரி


திருப்பாலைக்குடி
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். நீங்கள் கேட்டதாகச் சொன்னதிலிருந்து இன்னும் ஒழுங்காகப் போடுகிறார்.

கடந்த இரண்டு கடிதத்திலும் மேலே வெறும் பிரெசில்லா என்று இருந்தது. பார்த்தேன்.

வேலை பழகிவிட்டது. ஊசியைப் பார்த்ததும் பெரிய பெரிய மீசைக்காரர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். செலின் இங்கே யார் வீட்டில் கருவாடு வறுத்தாலும் 'அத்தை வந்துட்டாக' என்று வாசலுக்கு ஓடுகிறாள். இதைக் கிண்டலாக எழுதவில்லை.

நாற்காலி விஷயம் படித்து அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் அதனிடம் பேசுகிறாரா? வேண்டாம், சொல்ல வேண்டாம்.

பிரெசில்லா


பாம்பன்
13 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிரெசில்லாவுக்கு,

நலம். முழங்கால்கூடச் சும்மா இருக்கிறது. வாய்தான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் உள்ளதை எழுதிவிடுகிறேன்.

பேசினான்.

நேற்று மத்தியானம் நான் கொல்லையில் நகரை மீனின் செதிலை உரசிக்கொண்டிருந்தேன். நான் கடைக்குப் போய்விட்டதாக அவன் நினைத்துவிட்டான். முதலில் தொண்டையைச் செருமினான். இஞ்சின் கிளம்பாத படகு மாதிரி வெகுநேரம் செருமிக்கொண்டே இருந்தான். பிறகு உன் பெயரைச் சொன்னான். பிறகு ஒன்று சொன்னான். நீளமாக ஒன்றுமில்லை. அவன் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து நான் கேட்டதில்லை. கையிலிருந்த மீனை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பூனை வந்து அதை எடுத்துக்கொண்டு போனது. விரட்டவில்லை.

பழைய லூர்து மேரியாக இருந்தால் அந்த நிமிடமே உனக்குப் போன் வந்திருக்கும். அதற்கடுத்து ஏலக் கொட்டகைக்கும் போயிருக்கும். கொல்லைக்கு வந்த ஆன்டோ என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா... கேட்டுட்டியா? அப்பன்னா அவகிட்ட நீயே சொல்லிரு" என்றான். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! "ஏலே, வெக்கமா இல்ல? நாற்காலிகிட்டச் சொல்லத் தெரிஞ்சவனுக்குப் பொண்டாட்டிகிட்டச் சொல்ல வாய் கோணிக்கிருமா? இத்தன வருசமா என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு நின்னது போதும். என் முந்தானைய விடுலே!" என்று அரிவாள்மனையோடு எழுந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கைகால் அலம்பிவிட்டு வந்து நானும் கொஞ்சம் அழுதேன், அவனுக்குத் தெரியாமல்.

அவன் என்ன சொன்னான் என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன். எழுதுவதற்குள் பேனாவைக் கடித்து மூடி உடைந்துவிட்டது. ஆனாலும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் சவேரியாரின் அப்பா விட்டுப்போன வீடு கருவாட்டு மூட்டை அடுக்கும் இடமாகக் கிடக்கிறது அல்லவா? அதைக் கழுவி வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். மாதா பிறந்தநாள் கழிந்ததும் போகிறேன். யாரும் விரட்டவில்லை. மேடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். ஆன்டோ, "நீ போறத நான் யார்கிட்டச் சொல்லணும்?" என்று கேட்டான். பார் இவனை!

செலினை என் பெயரைச் சொல்லி ஒரு கிள்ளு கிள்ளு.

லூர்து மேரி


திருப்பாலைக்குடி
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் சுகமாக இருப்பது கடிதத்தின் நீளத்திலேயே தெரிகிறது. நாங்களும் சுகம்.

என்ன சொன்னார்?

பிரெசில்லா


பாம்பன்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிரெசில்லாவுக்கு,

இது திறந்த அஞ்சலட்டை என்பதால் தபால்காரர் ராம்குமாரும் படிப்பார். படிக்கட்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் உடம்புக்கும் ஒன்றும் வராமலிருக்கட்டும்.

நீயே கேட்டுக்கொள்.

லூர்து மேரி


பாம்பன்
18 செப்டம்பர் 2025

அன்புள்ள விருந்தாளி மதினிக்கு,

மண்டபத்து வீட்டில் காற்று வருகிறதா? தண்ணீர் வருகிறதா? இங்கே மூன்று பேரும் நலம். நீங்கள் கிளம்பிய மறுநாள் நான் வந்தேன். ஒரு நாள் இருந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். வேண்டுமென்றேதான் போனீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கேட்டேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

தினமும் ராமநாதபுரம் பஸ்ஸுக்குப் போகிறேன். சாயங்காலம் திரும்பும்போது, கடலுக்குப் போகாத நாட்களில் அவர் செலினைத் தோளில் வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் நிற்கிறார். முதல் நாள் பக்கத்திலிருந்த ஆள் ஒருவர், "என்னப்பா, விருந்தாளிய அழைக்க வந்தியா?" என்று கேட்டாராம். "வீட்டுக்காரிய" என்றாராம். ஏலக் கொட்டகையில் நீங்கள் பரப்பியது இன்னும் ஓயவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட வாருங்கள். நண்டு வாங்குகிறோம். வெறுங்கையோடு வந்தால் போதும், விருந்தாளி வேலை செய்யக் கூடாது. உட்கார நாற்காலி போட்டு வைக்கிறேன்.

பிரெசில்லா


மண்டபம்
29 செப்டம்பர் 2025

அன்புள்ள மச்சான் சவேரியாருக்கு,

உங்கள் மேரி எழுதுவது. போனில் கூப்பிடாமல் கடிதம் எழுதுகிறாளே, என்ன ஆயிற்றோ என்று பயப்பட வேண்டாம். யாரும் சாகவில்லை. போனில் நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் 'சாப்ட்டியா'வோடு நிறுத்திவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதாம், ஒரு படித்த பிள்ளை சொன்னது. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? உள்ளதை எழுதுங்கள். பரவாயில்லை என்று எழுதாதீர்கள்.

நேற்று ஆன்டோ வீட்டுக்கு விருந்துக்குப் போனேன். பாலத்தைத் தாண்டி இறங்கினேன். நான் பிறந்த வீட்டு வாசலில் நின்று, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தேன் என்றால் பாருங்கள். பிரெசில்லா வந்து, "வாங்க விருந்தாளி, உள்ள வாங்க" என்றாள். சிரித்தேன். சிரித்துவிட்டுப் பார்த்தால் தொண்டைக்குள் மீன் முள் மாதிரி ஒன்று நிற்கிறது. அந்தச் சொல் அப்படித்தான் இருக்கிறது மச்சான். நான் அதை எத்தனை வருடம் எத்தனை பேருக்குப் பரிமாறியிருக்கிறேன். உங்களுக்கும்தான்.

அதற்காக நான் அடங்கிப் போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம். அடுப்பங்கரைக்குள் போனேன். உப்பு டப்பாவைக் காணோம்! என் அம்மா வைத்த இடம் அது. அவள் செத்த பிறகும் நான் மாற்றவில்லை. அங்கே ஏதோ ஊசி மருந்து டப்பா மாதிரி ஒன்றில் சர்க்கரை இருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "எங்கத்தா உப்பு?" என்று கத்தினேன். ஆன்டோ உள்ளே எட்டிப் பார்த்தான். வாயைத் திறந்தான். பழைய பழக்கத்தில் என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி அவளைப் பார்த்து, "பிரெசில்லா, அக்காவுக்கு உப்பு வேணுமாம்" என்றான். அவள், "அவுகளையே கேக்கச் சொல்லுங்க" என்றாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அடுப்பில் நண்டு கொதித்துக்கொண்டிருந்தது. "உப்பு எங்க இருக்குன்னு நீயே சொல்லு தாயி" என்றேன். "மேல் தட்டுல, எடது கைப்பக்கம் மதினி" என்றாள். எட்டாத உயரம். அவளேதான் எடுத்துக் கொடுத்தாள்.

அந்த நாற்காலியிடம் ஆன்டோ என்ன சொன்னான் என்பது இப்போது மூன்று பேருக்குத் தெரியும். நாலாவது ஆளாக உங்களுக்கும் நான் சொல்லப்போவதில்லை. வேண்டுமானால் வந்து அவனிடம் கேளுங்கள். இந்தக் கிறிஸ்மஸுக்கு வரும்போது பையை இறக்கி வைத்ததும் 'எப்பப் போறாக' என்று கேட்க மாட்டேன். மண்டபத்து வீட்டில் உப்பு டப்பாவை இன்னும் எங்கேயும் வைக்கவில்லை. நீங்கள் வந்து ஓர் இடம் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் சண்டை போடுகிறேன்.

சாப்பாட்டுக்கு மற்றவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். முழங்கால் மடங்காது என்று எனக்கு மட்டும் அந்த நீல நாற்காலியைப் போட்டார்கள். விருந்தாளி மரியாதை. உட்கார்ந்தேன். பிரெசில்லா தட்டில் நண்டு வைத்தாள். நைலான் கயிறு அறுந்தது. நாற்காலியின் கால் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். தட்டு கையிலேயே இருந்தது. செலின் நண்டை எடுத்துக்கொண்டாள்.

இப்படிக்கு,
லூர்து மேரி